போரை எழுதியவரை எப்படி வாசிப்பது? தராக்கி சிவராமும் நமக்கான பாடங்களும்

(வல்லார்பாடத்தில் தமிழ்த் தோழர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இரவெல்லாம் கண்டெய்னர் லாரி ஓட்டிவிட்டு உறங்காமல் வந்து அமர்ந்திருக்கும் தோழர்களுக்கும், மட்டாஞ்சேரியிலிருந்தும் ஃபோர்ட் கொச்சியிலிருந்தும் வந்திருக்கும் தோழர்களுக்கும் எனது வணக்கம்.

சென்ற வகுப்பின் முடிவில் இளம் தோழர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். "கைப்பேசியைத் திறந்தால் நாளும் பத்துப் பேர் போரைப் பற்றிப் பேசுகிறார்கள். வரைபடம் காட்டுகிறார்கள். ஏவுகணையின் தூரம் சொல்கிறார்கள். யாரை நம்புவது, எதை வைத்து நம்புவது?" அன்று என்னால் உடனே விடை சொல்ல இயலவில்லை. போரைப் பற்றி எழுதியே வாழ்ந்து, அதனாலேயே கொல்லப்பட்ட ஒரு தமிழரை முன்வைத்து இன்று அந்தக் கேள்வியைப் பரிசீலிக்கலாம் என்று கருதுகிறேன். அவர் தருமரத்தினம் சிவராம். 'தராக்கி' என்ற புனைபெயரில் ஆங்கிலத்தில் எழுதியவர்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிவராமின் அரசியல் முடிவுகள் நம்முடையவை அல்ல. ஒன்றுபட்ட இலங்கைக்குள் தமிழ் பேசும் மக்களுக்கு உண்மையான அதிகாரப் பகிர்வு என்பதே நமது நிலைப்பாடு. அவர் தம் இறுதி ஆண்டுகளில் நின்ற இடம் வேறு. ஆயினும் உடன்படாதவரிடமிருந்து கற்க மறுக்கும் இயக்கம் விரைவில் தன்னிடமிருந்தும் கற்பதை நிறுத்திவிடும்.

யார் இந்தச் சிவராம்?

1959 ஆகஸ்டு 11 அன்று மட்டக்களப்பில் பிறந்தவர். ஒரு காலத்தில் நிலபுலன்களோடு இருந்து பின்னர் நலிந்த குடும்பம். மட்டக்களப்பில் நூல்களைச் சேர்ந்து வாசித்து விவாதித்த இளைஞர் வட்டத்தில் உருவானவர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1983 ஜூலை இனப் படுகொலை ஒரு தலைமுறையையே கல்விக்கூடங்களிலிருந்து வெளியே இழுத்தது. அவரும் படிப்பைத் துறந்தார். தமிழீழ மக்கள் விடுதலைக் கழகம், அதாவது 'புளொட்' அமைப்பில் இணைந்து, பின்னர் அதன் அரசியல் கட்சியின் பொதுச் செயலாளர் பொறுப்பு வரை உயர்ந்தார்.

1988 நவம்பர் 3 அன்று அந்த அமைப்பின் ஆயுததாரிகள் மாலத்தீவில் ஓர் ஆட்சிக்கவிழ்ப்புக்குக் கூலிப்படையாகச் சென்றதும், இந்தியப் படைகள் சென்று அதை முறியடித்ததும் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். சோசலிசம் பேசிப் புறப்பட்ட ஓர் இயக்கம் சில ஆண்டுகளிலேயே கூலிக்குத் துப்பாக்கி தூக்கியது. அடுத்த ஆண்டு சிவராம் இயக்கத்தை விட்டு விலகினார். அதே 1989-இல் கொழும்பின் 'தி ஐலண்ட்' நாளேட்டில் 'தராக்கி'யின் பத்தி தொடங்கியது. 1997 முதல் 'தமிழ்நெட்' இணையத்தளத்தின் ஆசிரியப் பணியில் ஈடுபட்டு, வடக்கிலும் கிழக்கிலும் கிராமந்தோறும் செய்தி சேகரிக்கும் முறையை உருவாக்கியவர்களில் ஒருவரானார். பின்னாளில் 'வீரகேசரி'யில் தமிழிலும் எழுதினார்.

அவருடைய பத்தியைப் படைத் தளபதிகள் வாசித்தனர். அயல்நாட்டுத் தூதரகங்கள் வாசித்தன. விடுதலைப் புலிகளும் வாசித்தனர். பல்கலைக்கழகப் பட்டம் பெறாத அவரை நாடி மானுடவியலாளர்களும் அரசியல் அறிஞர்களும் வந்தனர். அவருடைய நண்பரான அமெரிக்க மானுடவியலாளர் மார்க் விட்டேக்கர், சிவராமின் வாழ்வையும் சிந்தனையையும் பற்றி 2007-இல் ஒரு முழு நூலே எழுதினார்.

அவர் கற்பித்தது என்ன?

போர் என்றால் துப்பாக்கிச் சூடு என்று நாம் எண்ணுகிறோம். சிவராமின் வாதத்தின் சாரம் வேறு. ஓர் அரசு தன் சொந்த மக்களில் ஒரு பகுதியினருக்கு எதிராக நடத்தும் போரில், ஆயுததாரிகளைக் கொல்வது சிறு பகுதியே. அந்த மக்களின் மன உறுதியை உடைப்பதும், அவர்கள் கேட்பதைப் படிப்படியாகக் குறைத்து, 'உயிரோடு விட்டால் போதும்' என்ற நிலைக்குக் கொண்டுவருவதுமே முதன்மையான நோக்கம். பெருந்திரளான கைதுகள், சித்திரவதை, ஆட்கடத்தல், அதே மக்களிடமிருந்தே ஆயுதக் குழுக்களை உருவாக்கி ஒருவரோடு ஒருவரை மோதவிடுதல், முடிவே காணாதபடி பேச்சுவார்த்தையை நீட்டித்தல் ஆகிய அனைத்தும் ஒரே கருவிப்பெட்டியில் உள்ளவை என்று அவர் விளக்கினார். மலாயாவிலும் கென்யாவிலும் வட அயர்லாந்திலும் பிரித்தானியர் கையாண்ட முறைகள் எவ்வாறு நாடு நாடாகக் கைமாறுகின்றன என்பதையும் கவனித்தார். 1984-இல் இலங்கையின் சிறப்பு அதிரடிப் படைக்குப் பயிற்சி அளிக்க வந்தவர்கள் பிரித்தானியப் படையின் முன்னாள் வீரர்கள் நடத்திய ஒரு தனியார் நிறுவனத்தார் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

இதைப் புரிந்துகொள்ள மட்டாஞ்சேரித் தோழர்களுக்கு நூல் தேவையில்லை. இத்துறைமுகத்தில் அன்று 'சாப்பா' முறை இருந்தது. வேலைக்கு வந்து நிற்கும் கூட்டத்தின் நடுவே கங்காணி உலோகத் தகடுகளை வீசுவான். எவன் கைக்குத் தகடு கிடைக்கிறதோ அவனுக்கு அன்று வேலை. தகட்டுக்காகத் தொழிலாளி தொழிலாளியை மிதித்தான். முதலாளி யாரையும் அடிக்க வேண்டியிருக்கவில்லை. 1953-இல் அந்த முறையை எதிர்த்துத் தொழிலாளர் ஒன்றுபட்டு நின்றபோதுதான் அரசுக்குத் துப்பாக்கி தேவைப்பட்டது. செப்டம்பர் 15 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. அப்போராட்டத்தில் சைதுவையும் சைதலவியையும் ஆண்டனியையும் நாம் இழந்தோம். மக்களைப் பிரித்து மோதவிடும் கலை போர்க்களத்துக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இந்தக் கரையே சான்று.

வரைபடமும் வரிப் பதிவேடும்

சிவராமுக்கு முன்னோடியாக ஒருவரைச் சொல்ல வேண்டும். வியட்நாம் போரை எழுதிய பெர்னார்டு ஃபால். 1926-இல் வியன்னாவில் பிறந்த யூதர். பெற்றோரை நாஜிகளிடம் பறிகொடுத்தவர். பதின்ம வயதிலேயே பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்தில் போராடியவர். பின்னர் அமெரிக்காவில் பேராசிரியரானார். அவர் கம்யூனிஸ்டு அல்லர். ஆயினும் வியட்நாமில் அமெரிக்கா எங்கே தவறு செய்கிறது என்பதை அமெரிக்கரிடமே அஞ்சாமல் சொன்னார்.

1953-இல் ஆய்வு மாணவராக வியட்நாம் சென்ற ஃபால் செய்தது மிக எளிய செயல். செவ்வாற்றுச் சமவெளி தங்கள் கட்டுப்பாட்டில் இருப்பதாகப் பிரெஞ்சுப் படை வரைபடம் காட்டியது. அவர் அந்த வரைபடத்தோடு நிற்கவில்லை. எந்தக் கிராமங்களிலிருந்து அரசுக்கு வரி வருகிறது, எந்தக் கிராமங்களுக்கு அரசு அனுப்பிய ஆசிரியர் செல்ல முடிகிறது என்ற பதிவேடுகளைப் பார்த்தார். பெரும்பாலான கிராமங்களில் இரண்டுமே இல்லை. படை வென்றதாகச் சொன்ன நிலத்தை மறுபக்கத்தார் ஏற்கெனவே நிர்வகித்துக்கொண்டிருந்தனர். அரசு தோற்பது களத்தில் அன்று, நிர்வாகத்தில்தான் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1967 பிப்ரவரி 21 அன்று, ஹியூ நகருக்கு அருகில் அமெரிக்கப் படைப்பிரிவு ஒன்றோடு சென்றுகொண்டிருந்தபோது கண்ணிவெடியில் உயிரிழந்தார்.

இளம் தோழரின் கேள்விக்கு இதில் பாதி விடை இருக்கிறது. வரைபடம் காட்டுபவரை விட, அந்த ஊரில் பள்ளி திறக்கிறதா, மருத்துவமனையில் மருந்து உண்டா, வரியை யார் வாங்குகிறார்கள் என்று கேட்பவரே போரை அறிந்தவர்.

சொற்களுக்குள் நடக்கும் போர்

நான் தொழிலால் மொழிபெயர்ப்பாளன். ஆகவே என் பிழையிலிருந்தே ஒரு சான்று சொல்கிறேன். 2009-இல் வன்னியில் இறுதிப் போர் நடந்த மாதங்களில் ஆங்கிலச் செய்திகளை நாள்தோறும் தமிழாக்க வேண்டியிருந்தது. இத்தனை பேர் 'நியூட்ரலைஸ்' செய்யப்பட்டனர் என்று படைத்தரப்பு அறிக்கை சொல்லும். நான் 'செயலிழக்கச் செய்யப்பட்டனர்' என்று எழுதினேன். அகராதிப்படி சரியான சொல். மூத்த தோழர் ஒருவர் படியைத் திருத்தும்போது அதை அடித்துவிட்டு 'கொல்லப்பட்டனர்' என்று எழுதினார். "இயந்திரம்தான் செயலிழக்கும், தோழர், மனிதர் சாவார்கள்" என்றார். தமிழில் முதுகலை படித்த எனக்கு அன்று தமிழ் கற்பித்தவர் அவர்.

'பயங்கரவாதி', 'தீவிரவாதி', 'கிளர்ச்சியாளர்', 'போராளி' ஆகிய நான்கு சொற்களும் ஒரே மனிதரைக் குறிக்கக்கூடும். எந்தச் சொல்லைத் தேர்கிறோமோ, அந்தச் சொல்லின் பின்னால் நிற்கும் அரசியலையும் சேர்த்தே தேர்கிறோம். எவரேனும் போரை விளக்கும்போது, அவர் எந்தத் தரப்பின் சொற்களைக் கூச்சமின்றிப் பயன்படுத்துகிறார் என்று முதலில் கவனியுங்கள்.

அவர் எங்கே தவறினார்?

இனி நமது விமர்சனம். 1992-இல் 'லங்கா கார்டியன்' இதழில் தமிழரின் போர் மரபு பற்றிச் சிவராம் ஒரு கட்டுரைத் தொடர் எழுதினார். தமிழகத்தின் மறக்குடிகளை ஆங்கிலேயர் ஆயுதம் களைந்து ஒடுக்கியதையும், அம்மரபு பின்னர் அரசியலில் மீண்டெழுந்ததையும் அதில் ஆராய்ந்தார். அதில் உண்மை உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்த பிறமலைக் கள்ளர் மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டை எந்தத் தமிழ்ப் பொதுவுடைமையாளரும் மறக்க இயலாது.

ஆனால் ஒரு மக்களின் வரலாற்றைப் போர் மரபாக மட்டும் படிப்பதில் இடர் இருக்கிறது. தொல்காப்பியத்தின் புறத்திணை ஆநிரை கவரும் வெட்சியில் தொடங்குகிறது, உண்மைதான். அதே புறத்திணையில் நிலையாமை பேசும் காஞ்சியும் உண்டு. இறந்தவருக்காக அரற்றும் கையறுநிலையும் உண்டு. பசித்த பாணனின் குரலும் உண்டு. வீரத்தை மட்டும் தேர்ந்தெடுத்துப் பாடினால், அது நாளடைவில் சாதிப் பெருமைக்கும் தனிமனித வழிபாட்டுக்கும் சென்று சேரும். நமது மாவட்டங்களில் சுவரொட்டிகளைப் பார்த்தாலே இது விளங்கும்.

இரண்டாவது, இதைவிடக் கனமானது. தொண்ணூறுகளின் நடுப்பகுதிக்குப் பின் சிவராம் புலிகளின் நிலைப்பாட்டை நெருங்கினார். சமநிலையான படைவலிமை இல்லையேல் பேச்சுவார்த்தையில் தமிழருக்கு ஒன்றும் கிட்டாது என்பது அவர் வாதம். அதனால் அரசின் வன்முறையைக் கூறுகூறாகப் பிரித்துக் காட்டிய அவருடைய ஆய்வுக்கத்தி, புலிகளின் வன்முறை மீது அதே கூர்மையுடன் இறங்கவில்லை என்பது என் மதிப்பீடு. 1990 ஆகஸ்டு 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் அனைவரும் விரட்டப்பட்டனர். அவ்வாண்டு ஜூன் 19 அன்று பத்மநாபாவும் தோழர்களும் சென்னையில் சுட்டுக் கொல்லப்பட்டனர். மக்களைப் பிரிப்பது அரசின் உத்தி என்றால், முஸ்லிம் அயலாரை விரட்டியதன் மூலம் அந்த உத்தியை நிறைவேற்றிக் கொடுத்தது யார்? இந்தக் கேள்வி சிவராமின் கோட்பாட்டிலிருந்தே எழுகிறது. அதற்கு அவர் முழுமையாக முகங்கொடுக்கவில்லை.

இதை முகங்கொடுத்தவர்களும் தமிழரிடையே இருந்தனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவப் பேராசிரியர் ராஜினி திராணகம, 'முறிந்த பனை' நூலின் ஆசிரியர்களில் ஒருவர். இலங்கைப் படை, இந்தியப் படை, தமிழ் இயக்கங்கள் ஆகிய எல்லாத் தரப்பின் வன்முறையையும் சாதாரண மக்களின் வீட்டு வாசலில் நின்று பதிவு செய்தார். 1989 செப்டம்பர் 21 அன்று மிதிவண்டியில் வீடு திரும்புகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சிவராமை வாசிப்பவர் ராஜினியையும் சேர்த்து வாசிக்க வேண்டும். ஒருவர் போரின் இயங்குமுறையைக் கற்பிக்கிறார். மற்றவர் அந்த இயந்திரத்தில் அரைபடுவோரைக் காட்டுகிறார்.

கொலையும் மௌனமும்

2005 ஏப்ரல் 28 இரவு, கொழும்பு பம்பலப்பிட்டியில், காவல் நிலையத்துக்கு அருகிலேயே சிவராம் கடத்தப்பட்டார். மறுநாள் காலை, உயர் பாதுகாப்பு வலயமான நாடாளுமன்றப் பகுதியில் அவருடைய உடல் கிடந்தது. வயது 45. போர்நிறுத்த ஒப்பந்தம் நடைமுறையில் இருந்த காலம் அது. 2000-இல் யாழ்ப்பாணத்தில் நிமலராஜன், 2004-இல் மட்டக்களப்பில் நடேசன், 2009-இல் கொழும்பில் சிங்களப் பத்திரிகையாளர் லசந்த விக்கிரமதுங்க எனத் தொடர்ந்த வரிசையில் அவரும் ஒருவர். சிவராம் கொலைக்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

சாட்சி சொல்வோர் முதலில் கொல்லப்பட்டதன் விளைவை 2009-இல் உலகம் கண்டது. இறுதி மாதங்களில் பத்திரிகையாளரும் ஐ.நா. பணியாளரும் பெரும்பாலும் களத்தில் இல்லை. 40,000 வரையிலான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் சொன்னது. உறுதியான எண்ணிக்கைகூட இல்லை. எண்ணுவதற்கு எவரையும் விட்டுவைக்காததும் அந்தப் போர்முறையின் ஒரு பகுதியே.

இங்கே, இன்று

இவை கடலுக்கு அப்பாலுள்ள கதைகள் அல்ல. சத்தீஸ்கரில் 2005-இல் 'சல்வா ஜுடும்' என்ற பெயரில் பழங்குடி இளைஞர் கையிலேயே ஆயுதம் கொடுத்துப் பழங்குடி மக்களோடு மோதவிட்டனர். 2011 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம் அது அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. மாவோயிஸ்டுகளின் பாதையை நாம் ஏற்கவில்லை. அவர்கள் கையால் நமது தோழர்களும் பலியாகியுள்ளனர். எனினும் 2026 மார்ச் 31-ஐ ஒழிப்புக்கான நாளாக ஒன்றிய உள்துறை அமைச்சர் குறித்தபோதும், பேச்சுக்குத் தயார் என்ற அறிவிப்பு புறந்தள்ளப்பட்டபோதும், இடதுசாரிக் கட்சிகள் எதிர்த்தன. காட்டின் அடியிலிருக்கும் கனிமம் யாருக்குப் போகிறது என்று கேட்காமல் அந்தப் போரை விளக்குபவர் பாதியை மறைக்கிறார்.

'பிராந்தியப் பாதுகாப்பு' என்ற சொல்லையும் இவ்வாறே சோதிக்க வேண்டும். 1987 ஜூலை 29 ஒப்பந்தம் இலங்கைத் தமிழரின் உரிமைக்கானது என்று நமக்குச் சொல்லப்பட்டது. அதனோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகமும், எண்ணெய்க் குதங்களும், அயல்நாட்டு ஒலிபரப்பும் இடம்பெற்றிருந்தன. அந்தப் பாதுகாப்பின் பெயரால் ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் இறந்தனர். ஈழத்துச் சிற்றூர்களில் இறந்த பொதுமக்கள் தனி.

நாம் அமர்ந்திருக்கும் இந்தத் தீவையே பாருங்கள். கொழும்புக்குச் செல்லும் சரக்கை இங்கே திருப்புவதற்காக 2011-இல் இந்த முனையம் திறக்கப்பட்டது. அதை நடத்துவது துபாய் நிறுவனம். கொழும்பிலோ சீன நிறுவனம் ஒரு முனையத்தையும் அதானி குழுமம் மற்றொரு முனையத்தையும் நடத்துகின்றன. நாடுகள் மோதுவதாக நமக்குச் சொல்லப்படும் கடலில், மூலதனம் எல்லாக் கரையிலும் கால் ஊன்றி நிற்கிறது. இந்த முனையத்துக்கான சாலைக்கும் ரயில் பாதைக்கும் மூலம்பிள்ளி உள்ளிட்ட ஊர்களில் 316 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 2008 பிப்ரவரி 6 அன்று மூலம்பிள்ளியில் வீடுகள் இடிக்கப்பட்டது இடதுசாரி அணியின் ஆட்சிக் காலத்தில்தான் என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. மறைத்தால் பிறரை விமர்சிக்கும் தகுதியை இழப்போம். சிவராமிடம் நாம் கண்ட குறை, தன் தரப்பைத் தானே சோதிக்காத குறை, நம்மிடமும் நேரக்கூடியது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடலில் 'என்ரிகா லெக்ஸி' என்ற இத்தாலியக் கப்பலின் படைவீரர்கள், கடற்கொள்ளையர் என்று கருதி இரு மீனவரைச் சுட்டுக் கொன்றனர். ஒருவர் கொல்லத்துக்காரர், மற்றவர் குமரி மாவட்டத் தமிழர். அந்தக் கப்பல் கொண்டுவரப்பட்டது இதே கொச்சிக்கு. வழக்கு பன்னாட்டு நடுவர் மன்றம் வரை சென்று, 2021-இல் இழப்பீட்டோடு நமது உச்ச நீதிமன்றத்தில் முடித்துவைக்கப்பட்டது. கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்த்தவருக்கு அது பாதுகாப்பு. படகில் இருந்தவருக்கு அது சாவு.

முடிவாக

ஆகவே இளம் தோழருக்கு நான் சொல்லக்கூடியது இது. போரை விளக்குபவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். அவர் எந்தத் தளத்தில் நின்று பார்க்கிறார், கப்பலிலா, படகிலா? யாருடைய சொற்களில் பேசுகிறார்? தம் தரப்பு செய்த கொலையைக் 'கொலை' என்றே சொல்கிறாரா? முதல் இரண்டில் சிவராம் தேறினார்; அதற்காக அவரை மதிக்கிறோம். மூன்றாவதில் தயங்கினார்; அதையும் மறைக்காமல் கற்கிறோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மட்டக்களப்பின் சிறு வாசகர் வட்டம் ஒன்றிலிருந்துதான் அவர் புறப்பட்டார். இந்தக் கிளையிலும் மாதம் ஒரு முறை பத்துப் பேர் சேர்ந்து ஒரு நூலை வாசிக்கலாம். முதல் நூலாக 'முறிந்த பனை'யை எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் உள்ள படியைக் கொண்டுவந்திருக்கிறேன். அட்டை கிழிந்துள்ளது, பக்கங்கள் முழுமையாக உள்ளன. அதை இங்கேயே விட்டுச் செல்கிறேன். அடுத்த முறை வரும்போது நீங்கள் பேசுங்கள், நான் கேட்கிறேன்.